தோளிலே பை, காலிலே செருப்பு

ஊரைப் பார்ப்பது வேறு. ஊரை அறிவது வேறு. பார்ப்பதற்குக் கண் போதும். அறிவதற்குக் கேள்வி வேண்டும். "இது ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்கத் தெரியாதவனுக்கு மலை வெறும் கல், கடல் வெறும் நீர், ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஊரும் ஓர் இரவு தங்கும் விடுதியே.

குமரிமுனைக்கு வருவோர் பல வகையினர். குடும்பத்தோடு வண்டி வண்டியாய் வருவோர் உண்டு. புண்ணியம் தேடி வருவோர் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே நாம் பேச வரவில்லை. தன்னந்தனியாகவோ, இருவர் மூவராகவோ, முதுகிலே ஒரு பெரிய பையைச் சுமந்துகொண்டு, குறைந்த பணத்தில் நிறைய ஊர் பார்க்கப் புறப்படும் இளைஞர்களைப் பற்றியே பேசுகிறோம். வடநாட்டு இளைஞரும் வருகின்றனர். கடல்கடந்த நாட்டு இளைஞரும் வருகின்றனர். 1979-ஆம் ஆண்டு முதல் குமரி வரை ஓடும் இரயில், அதற்கு மேல் செல்ல நிலமில்லை என்று நின்றுவிடும் இடத்தில் அவர்களை இறக்கிவிடுகிறது. ஒரு பகல், ஓர் இரவு. அவ்வளவே அவர்கள் இந்த ஊருக்கு ஒதுக்கும் நேரம். காலையில் கதிரவன் எழுவதைக் காண்பர். படகேறிப் பாறைக்குச் செல்வர். 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்துவைக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை அண்ணாந்து நோக்குவர். 2024 திசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் மீது நடப்பர். மாலையில் கதிரவன் விழுவதைக் கண்டுவிட்டு மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவர்.

போகட்டும், குறை கூறவில்லை நாம். தன் சுமையைத் தானே சுமந்துகொண்டு, சாதி கேளாது பக்கத்தில் அமர்ந்து, கிடைத்ததை உண்டு, உலகைக் காணப் புறப்படும் இளமையைப் போற்றவே செய்கிறோம். நாம் சொல்ல வருவது ஒன்றே: அந்த இளைஞன் கண்ட காட்சிகளுக்குள் சேராத காட்சி ஒன்று உண்டு. அவனே அந்தக் காட்சி! தோளிலே பையோடும், காலிலே செருப்போடும், கையிலே குடையோடும், எவரையும் கேளாமல் அவன் நடந்து வருகிறானே, அந்த நடைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் இருக்கிறது.

வந்துபோன பயணிகள் குமரிக்குப் புதியவர்களல்லர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மொழிக் கடல்வழி ஏடான பெரிப்புளூசு இந்த இடத்தைக் குறிப்பிடுகிறது. இங்கே ஒரு துறை இருந்தது என்றும், எஞ்சிய வாழ்நாளைத் துறவில் கழிக்க விரும்பும் ஆடவரும் பெண்டிரும் இங்கு வந்து நீராடித் தங்குவர் என்றும், ஒரு தெய்வப் பெண் முன்பு இங்கே நீராடியதாகச் சொல்லப்படுகிறது என்றும் அந்த ஏடு கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி என்ற நில நூலறிஞர் குமரி முனையைத் தம் நூலில் குறித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்கடல் வழியே சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, குமரிப் பகுதியில் வட துருவ விண்மீன் மீண்டும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதை வியந்து எழுதினார். 1892-ஆம் ஆண்டின் இறுதியில், கையில் காசில்லாத நாடோடித் துறவியாய் விவேகானந்தர் வந்தார். அவர் பெயரால் 1970-இல் பாறையின் மீது மண்டபம் எழுந்தது.

கடலையும் தெய்வத்தையும் விண்மீனையும் பற்றி எழுதியிருக்கின்றனர். மீன் பிடித்தவன் யார், பனையேறியவன் யார், வயலில் இறங்கியவன் யார், அவன் எந்த வழியில் நடந்தான் என்ற கேள்விக்கு அந்தப் பழைய ஏடுகளில் விடை இல்லை. கல்வெட்டைப் பார்ப்போமா? குமரிக் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பதினொன்றாம் நூற்றாண்டினது, புகழ் பெற்றது. சோழர் குலத்தைப் பிரமனிலிருந்து தொடங்கிக் கதிரவன் வழியாக இறக்கிக் கொண்டுவருகிறது அது! அரசனுக்கு வானத்திலே பாட்டன் இருக்கிறான். அவன் நாட்டிலே உழுதவனுக்கோ கல்லிலே ஓர் எழுத்தும் இல்லை!

சரி, ஒருநாள் பயணிக்கு இந்த ஊர் சொல்லி அனுப்பும் கதைகள் எவை? முதலாவது மூக்குத்திக் கதை. அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கென்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதினவாம். அதனால் கிழக்கு வாயிலை அடைத்து வைத்தார்களாம். கப்பல் மோதாதிருக்கக் கலங்கரை விளக்கம் கட்ட வேண்டும் என்பது அறிவு. கதவைச் சாத்து என்பது கதை.

இரண்டாவது மணற்கதை. அம்மனின் திருமணம் நின்றுபோனதாம். சமைக்காமல் போன அரிசியும் பருப்பும் மணலாய் மாறினவாம். ஆகவேதான் கரை மணல் பல நிறமாம்! தாளில் பொதிந்து விற்கும் அந்த மணலை வாங்கிச் செல்கிறான் பயணி. உண்மை என்ன? கருமணலில் இருப்பது இல்மனைட்டு. செம்மணலில் இருப்பது கார்னெட்டு. இவற்றோடு சிர்க்கான், ரூட்டைல், மோனசைட்டு ஆகியனவும் உண்டு. மலைப் பாறைகள் சிதைந்து, ஆற்றோடு வந்து, அலையால் சலிக்கப்பட்டுக் கரையில் ஒதுங்கிய கனிமங்கள் அவை. 1909-ஆம் ஆண்டில் சோம்பர்க்கு என்ற செருமானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அந்நாளில் காசு விளக்கின் வலையை ஒளிரச் செய்யத் தேவைப்பட்டது. இன்றும் மணவாளக்குறிச்சியில் நடுவண் அரசின் ஆலை இம்மணலைப் பிரித்தெடுக்கிறது. கயிற்றில் ஒட்டிய மணலுக்கு ஓர் அறிவியல் வரலாறு இருக்கிறது. ஆனால், அரிசிக் கதைதான் விலை போகிறது.

மணலுக்குக் கதை உண்டு. மூக்குத்திக்குக் கதை உண்டு. சாலைக்குக் கதை இல்லையா? உண்டு! நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் குமரி செல்லும் சாலை இருபது கிலோமீட்டர் அளவினது. பேருந்தில் பயணி கண்ணயர்ந்தால் தீர்ந்துபோகும் தொலைவு. அந்தச் சாலையின் கதையைத்தான் தோழர்கள் கேட்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் பணியாற்றிய சாமுவேல் மேட்டீர் என்ற இலண்டன் மிசன் பாதிரியார், 1871-இல் வெளியிட்ட நூலில், தென் திருவிதாங்கூர் நாடார் மக்கள் மீது முன்பு சுமத்தப்பட்டிருந்த தடைகளை அடுக்கிக் காட்டுகிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை பூணக் கூடாது. மாடி வீடு கட்டக் கூடாது. பசுவிடம் பால் கறக்கக் கூடாது. பெண்கள் இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. இடுப்புக்கு மேலே உடலை மறைக்கக் கூடாது!

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஒருநாள் பயணியைத் தலை முதல் கால் வரை பாருங்கள். குடை - தடை! செருப்பு - தடை! மேலாடை - தடை! அவன் உடலில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு காலத்தில் இந்த மண்ணின் மக்களுக்குக் குற்றமாயிருந்தது. வெயிலும் மழையும் கடுமையாய் இருக்கும் நாட்டிலே குடை பிடிப்பது குற்றம்! முள்ளும் கல்லும் நிறைந்த வழியிலே செருப்பணிவது குற்றம்! பனையேறித் தேய்ந்த கால். அந்தக் கால் வெறுங்காலாகவே கிடக்க வேண்டுமாம்.

நடப்பதற்காவது உரிமை இருந்ததா? அதற்கும் அளவுகோல் வைத்திருந்தார்கள். நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடி விலகி நிற்க வேண்டும். புலையர் 96 காலடி விலகி நிற்க வேண்டும் என்று அதே மேட்டீர் குறிக்கிறார். கோயிலைச் சுற்றிய தெருக்கள் இவர்களுக்கு அடைபட்டவை. நடக்க விடமாட்டார்கள், ஆனால் சுமக்க விடுவார்கள்! ஊழியம் என்பது அதன் பெயர். அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் வேண்டியபோது கூலியின்றி உழைக்க வேண்டும். அழைத்தால் போக வேண்டும், மறுத்தால் அடி.

நாஞ்சில் நாட்டுப் பழஞ்சாலை ஓரங்களில் இரு கல் நட்டு ஒரு கல் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டினர். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும், தூக்கிக்கொள்ளவும் ஏற்ற உயரம். கல்லுக்கு இருந்த இரக்கத்தைப் பாருங்கள்! எவன் தலைச்சுமை என்று அது கேட்கவில்லை. தலையில் இருந்த சுமையைக் கல் வாங்கிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாய் இருந்த சுமையை யார் வாங்கினார்? எவரும் வாங்கவில்லை, சுமந்தவர்களே தூக்கி எறிந்தனர்.

அந்த எறிதலில் முதன்மையானது தோள்சீலைப் போராட்டம். கர்னல் மன்றோ ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த காலத்தில், கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று இசைவு கிடைத்தது. சட்டையோடு நிற்கவில்லை அப்பெண்கள். தோளின் மேல் சீலையும் போட்டனர். எழுந்தது எதிர்ப்பு! 1820-களில் சந்தைகளிலும் சாலைகளிலும் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது, பள்ளிகள் கொளுத்தப்பட்டன. 1829 பெப்ரவரியில் அரசு ஆணை வந்தது: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது! அரை உரிமை கொடுத்து அடக்கிவிடலாம் என்று எண்ணினர்.

அடங்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து மீண்டும் மூண்டது. 1858 திசம்பரில் திவான் மாதவராவ் பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று அறிவித்தார். அதைத் துணையாகக் கொண்டு தாக்குதல் பரவிற்று. 1859 தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் வீடுகள் எரிந்தன. மக்கள் ஊரை விட்டு ஓடினர். சென்னை கவர்னர் சார்லசு டிரெவிலியன் சமஸ்தானத்தை நெருக்கினார். 1859 சூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராசாவின் அறிவிப்பு வெளிவந்தது. மேலுடம்பை மறைக்கலாம் என்றது அது. ஆனால் எப்படி? முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாதாம்!

கடற்கரையில் மீன் கூடை சுமக்கும் முக்குவப் பெண்ணின் உடை இங்கே அளவுகோலாகிறது. உடம்பை மறைப்பது மானம் என்றால், அது எல்லோருக்கும் மானம் அன்றோ? துணியிலும் முரடு, மெல்லிது என்று தட்டு வகுத்து, "உன் மானம் இத்தனை முழம்" என்று அரசு அளந்து கொடுத்தது. அளந்து கொடுத்த மானத்தை அந்தப் பெண்கள் ஏற்றுக்கொண்டு நின்றுவிடவில்லை. பின்னாளில் தாம் விரும்பியவாறே உடுத்தினர். ஆணை ஏட்டில் தங்கிற்று; சீலை தோளில் ஏறிற்று.

இதே காலத்தில்தான், குமரிக்கு அருகே சாமித்தோப்பில், 1809 முதல் 1851 வரை வாழ்ந்த வைகுண்டர் தோன்றினார். அவரைத் தெய்வமாகக் கொள்வோர் கொள்ளட்டும்; நாம் காண்பது அவருடைய செயலை. தலையில் துணி கட்டக் கூடாதென்று தாழ்த்தப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீரெடுக்கப் பொதுக் கிணறு வெட்டச் செய்தார். அதற்கு அரசு தந்த பரிசு சிறை! தோளுக்குச் சீலை கேட்டாள் பெண். தலைக்குப் பாகை கட்டினான் ஆண். இரண்டும் ஒரே போரின் இரு முனைகள்.

1855-ஆம் ஆண்டில் சமஸ்தானம் அடிமை முறையை ஒழிப்பதாய் அறிவித்தது. அதுவரை மனிதரை மாடு போல் விற்றார்கள், வாங்கினார்கள். விலைச்சீட்டு கிழிந்தது, தெருக்கதவு திறக்கவில்லை. அதற்கு எழுபது ஆண்டு கழித்துங்கூட வைக்கத்திலே தெருவில் நடக்கப் போராட வேண்டியிருந்தது! 1924 மார்ச்சு 30-இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925-இல் தெருவைத் திறக்கும் தீர்மானம் திருவிதாங்கூர்ச் சட்டசபையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது: ஆதரவு 21, எதிர்ப்பு 22! மனிதன் தெருவில் நடக்கலாமா என்பதை வாக்கெடுத்து, நடக்கக் கூடாது என்று முடிவு செய்த சபை அது.

அந்தப் போராட்டத்தை ஒட்டி 1925 மார்ச்சில் திருவிதாங்கூர் வந்த காந்தியார் குமரிக்கும் சென்றார். அவரைக் கோயிலின் உள்ளே விடவில்லை. ஏன்? கடல் கடந்து இங்கிலாந்து சென்று வந்தவராம், தீட்டாம்! எந்த ஊரில் இது? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மாலுமி துறை என்று குறித்து வைத்த ஊரில்! மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் கடல் கடந்தவனுக்கு இடமில்லை. வைதீகத்தின் அறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வைக்கத்தின் தீ சுசீந்திரத்துக்குத் தாவிற்று. அதே குமரிச் சாலையில் உள்ள ஊர். 1926-இல் நாகர்கோவில் மருத்துவர் எம். இ. நாயுடு முன்னின்று, சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாகிரகம் நடத்தினார். 1930-இல் மீண்டும் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராசாவின் ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது. அரசரின் கருணை என்று அதைப் பாடுவோர் உண்டு. கருணைக்கு முன்னே போராட்டம் இருந்தது. கையெழுத்துக்கு முன்னே சிறை இருந்தது என்பதை மறக்கலாகாது. பின்னர் மொழியின் பெயரால் ஒரு போர், 1954 ஆகஸ்டு 11-இல் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி, 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. இன்றைய குமரி மாவட்டம் பிறந்தது இப்படி.

ஆகவே, தோழர்களே, குமரிக்கு வரும் இளைஞன் பேருந்தில் இருபது கிலோமீட்டர் கடக்கும்போது, மன்றோ காலத்திலிருந்து ஆலய நுழைவு வரை நூற்று இருபது ஆண்டுகளைக் கடக்கிறான். அதை யார் அவனுக்குச் சொல்வது? அவனுக்குச் சொல்வது இருக்கட்டும்; நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

இங்கேதான் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று. நடுவண் கல்வித் திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு என்ற பாடத்தில், இந்தத் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. அப்பாடத்தில் தங்கள் இனம் சித்திரிக்கப்பட்ட முறை குறித்துச் சிலர் வருந்தினர், வழக்கும் நடந்தது. 2016 திசம்பரில், அப்பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கப்படாது என்று நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் அறிவித்தது. 2019-இல் அந்தப் பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. பிழை இருந்தால் திருத்தலாம். சொல் தவறானால் சொல்லை மாற்றலாம். பாடத்தையே எடுத்துவிட்டால் மாணவன் எதைக் கற்பான்? போராடியவளும் மறைகிறாள், சீலையைக் கிழித்தவனும் மறைகிறான். இருவரில் மறைவதால் இலாபம் யாருக்கு?

"எங்கள் பாட்டி அப்படி இருந்தாள் என்று பிள்ளைகள் படிப்பது வெட்கமில்லையா?" என்று கேட்போர்க்கு நம் விடை இது. வெட்கம் கிழித்த கைக்கு. கிழிபட்ட சீலைக்கு அன்று. இழிவைச் சுமத்தியவன் தலை குனியட்டும். அதை எறிந்தவளின் பேரன் ஏன் குனிய வேண்டும்? 2023 மார்ச்சு 6-ஆம் நாள் நாகர்கோவிலில், தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவில் தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் நின்றனர். நன்று. ஆனால் மேடை ஒரு நாள். பாடநூல் ஒவ்வொரு நாளும் அல்லவா?

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். கசந்தாலும் சொல்ல வேண்டும். மேலே ஏறியவன் ஏணியை எடுத்துவிடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. தோள்சீலைக்குப் போராடிய மரபில் வந்தவன், தனக்குக் கீழ் என்று ஒருவனை எண்ணினால், அன்றைக்கே அந்தச் சீலையைத் தன் கையால் கிழிக்கிறான். தேநீர்க் கடையிலும் திருமணப் பேச்சிலும் சுடுகாட்டு வழியிலும் இன்னும் அடிக்கணக்குப் பார்ப்பவன், 36-ஐயும் 96-ஐயும் மனத்துக்குள் அளந்துகொண்டுதான் இருக்கிறான். சாலை திறந்துவிட்டது, மனத் தெரு அடைத்தே கிடக்கிறது.

படித்த இளைஞர்க்கு இதில் பணி இருக்கிறது. நாஞ்சில் நாட்டு இளைஞர்கள் தம் ஊர் வரலாற்றைத் தாமே தேட வேண்டும். சந்தை எது, கிணறு எது, அடைபட்டிருந்த தெரு எது என்று முதியோரைக் கேட்டு எழுத வேண்டும். சாலையோரச் சுமைதாங்கி சாலை அகலப்படும்போது உடைந்து போகாமல் காக்க வேண்டும். குமரியைக் காண வரும் விருந்தினனுக்கு, மூக்குத்திக் கதையையும் அரிசி மணலையும் விற்பவர் இருக்கட்டும். சாலையின் கதையைச் சொல்பவர் ஒருவராவது இருக்க வேண்டும். பாறை மீது நிற்கும் வள்ளுவருக்கு அதுவே பொருத்தமான பணிவிடை. பிறப்பொக்கும் என்று சொன்னவரின் சிலையை 133 அடி உயர்த்திவிட்டோம். அந்தச் சொல்லை மண்ணில் நடக்கவிடுவதே எஞ்சியிருக்கிறது.